என் கையால் நீ கொடுத்த தூள்

மகனே,

‘அன்புள்ள’ என்ற சொல்லை முன்னால் வைத்துத் தொடங்க இன்று எனக்கு மனம் வரவில்லை. அன்பு இல்லாமல் இல்லை. கோபம் அதற்கு முந்திக்கொண்டு வந்து வாசலை மறித்து நிற்கிறது. காலையில் முழுகி, சாமிக்கு விளக்கேற்றி, அந்த விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே இதை எழுதுகிறேன். ஆகவே கூட்டியும் எழுதமாட்டேன், குறைத்தும் எழுதமாட்டேன். தொலைபேசியில் நான் வாய் திறந்தால் “பிறகு எடுக்கிறன் அம்மா” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நான் சொல்லி முடிக்கும்வரை என்னை நிறுத்த உனக்கு ஏலாது. உன் பெயரை எழுதாமல் இதை நாலு பேர் வாசிக்கவும் கொடுக்கப்போகிறேன். நீ செய்ததை நல்ல காரியம் என்று நினைத்துச் செய்கிறவர்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்களாம். அவர்களும் வாசிக்கட்டும்.

தைப்பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து வந்தாய். ஆவணியில் உன் கலியாணம் என்று பேசி முடித்த சந்தோஷத்தில் வீடு நிறைந்திருந்தது. திரும்பிப் போகிற அன்று, நான் சமைத்துக்கொண்டு நிற்கக் குசினிக்குள் வந்து ஒரு தகரப் பேணியை என் கையில் தந்தாய்.

“அம்மா, அப்பா நல்லா மெலிஞ்சு போனார். இது சத்துத் தூள். காலமைக் கஞ்சியில ஒரு சின்னக் கரண்டி போட்டுக் குடுங்கோ. அவருக்குச் சொல்லாதேங்கோ, மருந்து எண்டு நினைச்சுக் குடிக்காமல் விட்டுடுவார்.”

“உனக்கு அப்பாவில இவ்வளவு கரிசனை எப்ப தொடக்கம்?” என்று நான் பகிடி விட்டேன். நீயும் சிரித்தாய். வீட்டுக்கு வருகிற உப்புக்கும் புளிக்கும் கணக்கு எழுதுகிறவள் நான். அந்தப் பேணிக்கு விலை போடாமல் ‘மகன் தந்தது’ என்று எழுதினேன். பெருமைப்பட்டுத்தான் எழுதினேன்.

என் அடுப்பை உனக்குத் தெரியும். முழுகாமல் மூட்டமாட்டேன். முதற்கரண்டி சாமிக்கு வைக்காமல் ஒருவருக்கும் பரிமாறமாட்டேன். அப்படிக் காய்ச்சிய குரக்கன் கஞ்சியில், அவருடைய கோப்பையில் மட்டும், உன் தூளை நாள் தவறாமல் கலக்கினேன். அவருக்கு நாக்குக் கூர்மை. இரண்டாம் நாளே கேட்டார்.

“இஞ்சேரும், கஞ்சி இரும்பை நக்கினமாதிரிக் கிடக்கு. உள்ளி கிள்ளி விழுந்துட்டுதோ?”

“குரக்கன் அப்பிடித்தான். உங்கட வாயில பழுது.”

“சரி சரி. நீர் தாறது எண்டால் வேப்பெண்ணெயும் குடிப்பன்.”

குடித்தார். வைகாசிவரைக்கும் குடித்தார்.

உன் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அக்காவின் கலியாணத்தில் அப்பா நின்ற நிலை எனக்கு மறக்கவில்லை. தாரை வார்க்கிற நேரம் ஆளைக் காணவில்லை. கடைசியில் துறைமுகத்துச் சிநேகிதர்கள் இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து மணவறைக்கு முன்னால் விட்டார்கள். பள்ளிக்கூடப் பெடியனாக இருந்த நீதான் அவருடைய வேட்டியைப் பிடித்துக் கட்டிவிட்டாய். சனம் சிரித்தது. உன் காது சிவந்து கிடந்ததை நான் பார்த்தேன். அன்றைக்கு உனக்குப் பட்டது பொய்யில்லை. உன் கலியாணத்திலும் அப்படி நடந்துவிடுமோ என்று நீ பயந்ததும் பொய்யில்லை. மூதூருக்கு லோஞ்சுப் படகு ஓட்டிய காலத்தில் கரைக்கு வந்தவுடன் கால் நேரே எங்கே போகும் என்று ஊருக்கே தெரியும். அந்தக் காலத்துக் கண்ணீருக்குக் கணக்கு எழுத ஏலாது என்பதால்தான் நான் அதை எழுதவில்லை.

ஆனால் நீ பொங்கலுக்கு வந்தபோது அவர் குடியை விட்டு ஒரு வருடத்துக்கு மேல். சல்லி அம்மன் கோயிலுக்குப் போய், நேர்த்தி வைத்து, மஞ்சள் நூலை வலக்கையில் கட்டிக்கொண்டு வந்தார். என்னிடம்கூட ஒன்றும் கதைக்கவில்லை. முதல் கிழமைகளில் கை நடுங்கும். கிணற்றடியில் குந்தியிருந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார். பழைய கூட்டாளிகள் படலையில் வந்து கூப்பிட்டால், “எனக்குக் காய்ச்சல்” என்று உள்ளே இருந்து சத்தம் போடுவார். “உன்ர புருசனுக்கு வருசம் முழுக்கக் காய்ச்சலோ தங்கச்சி?” என்று அவர்கள் என்னைக் கேட்டுச் சிரிப்பார்கள். இதையெல்லாம் நான் உனக்குச் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? “அம்மா, நீங்கள் எத்தினை தரம் இப்பிடி நம்பினீங்கள்?” என்றாய். நம்பாதவன் நம்பாமல் இருந்திருக்கலாம். நீ சத்துத் தூள் என்று பேணி கொண்டுவந்தாய்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. பூசை முடிந்து வடை, பாயசத்தோடு சாப்பாடு. அவருக்கு வயிறு ஊதிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரி நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வைத்திருந்த அரிஷ்டத்தைக் கொண்டுவந்து தந்தாள். அரிஷ்டம் என்பது புளிக்கவைத்து எடுக்கிற கசாயம், அதில் கொஞ்சம் வெறிச்சத்து தானாகவே ஊறியிருக்கும். இது எனக்கும் தெரியும், ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை ஒருவரும் குடி என்று சொல்வதில்லை. சின்னக் கிளாசில் ஊற்றிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் முகம் செவ்விளநீர்க் காய் மாதிரி ஆனது. கழுத்து நரம்பு துடிப்பது தூரத்தில் நின்றே தெரிந்தது. “நெஞ்சு இடிக்குதப்பா” என்றார். அப்படியே சத்தி எடுத்தார். பிறகு சிவப்பெல்லாம் வடிந்து சாம்பல் நிறமாகிக் கதிரையிலிருந்து சரிந்தார். அரிஷ்டம் தந்தவளே எட்டிப் பார்த்து, “ஐயோ அக்கா, அண்ணை பழையபடி தொடங்கிட்டாரோ?” என்றாள். உப்புவெளி வீட்டிலிருந்து ஆசுப்பத்திரி வரைக்கும் ஓட்டோவில் அவருடைய தலை என் மடியில் கிடந்தது. என் மனதில் அவளுடைய அந்தக் கேள்விதான் இருந்தது.

அவசரப் பிரிவில் முதல் கேள்வியும் அதுதான். “குடிச்சவரா?” வாயில் புளித்த மணம். பிரஷர் கீழே இறங்கிக் கிடந்தது. சேலைன் ஏற்றினார்கள். கண் முழித்ததும் நான் கேட்டேன்.

“சத்தியம் பண்ணினனீங்களே. எங்க போய் ஊத்தினனீங்கள்?”

“நான் குடிக்கேல்லையப்பா. அம்மாளாச்சி அறிய ஒரு துளி குடிக்கேல்லை.”

“அவளின்ர பேரை எடுக்காதேங்கோ.”

அப்படிச் சொல்லிவிட்டு, மகனே, அவருடைய மணிக்கட்டில் இருந்த நூலை நான் பிடித்து அறுத்தேன். கை இழுபட்டதே தவிர அவர் அதைப் பின்னுக்கு எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்த சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் ஒரு டொக்டர் பிள்ளை வந்தா. கிண்ணியாப் பக்கம். வயது உன்னளவுதான் இருக்கும். அவ என்னை வெளியில் கூப்பிட்டு, அவர் குடிக்கிறது, தின்கிறது, பூசுகிறது எல்லாவற்றையும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னா. நான் அரிஷ்டப் போத்தலையும் உன் பேணியையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். போத்தலைப் பார்த்துத் தலையாட்டினா. பேணியைத் திறந்து, தூளை விரலில் எடுத்து முகர்ந்தா.

“அம்மா, இது யாரு தந்த?”

“என்ர மகன். சத்துத் தூள்.”

“இது அந்த மாதிரித் தெரியல்ல. உங்கட மகனுக்குப் போன்ல கோல் எடுங்க.”

எடுத்தேன். “விற்றமின் எண்டு சொன்னனான் தானே அம்மா” என்றாய். டொக்டர் போனை வாங்கினா. நீ உடனே இங்கிலீசுக்கு மாறினாய். அவ கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “உங்கட அம்மா பக்கத்துல நிக்கிறாங்க. அவங்களுக்கு விளங்கிற மாதிரித் தமிழ்ல சொல்லுங்க” என்றா. பிறகுதான் உண்மை வந்தது. மருந்துக்கடை வைத்திருக்கிற உன் சிநேகிதன் குடியை நிறுத்துகிற குளிசையை அரைத்துத் தந்தானாம். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதாம். ஒரு தரம் பட்டால் மனுசன் பயந்து விட்டுவிடுவாராம். “அப்பாவின்ர நல்லதுக்குத்தான் அம்மா” என்றாய்.

அந்தப் பிள்ளை எனக்கு இருந்து விளங்கப்படுத்தினா. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் குளிசைப் பெட்டிக்குள் இருக்கிற துண்டைக்கூட வாசிக்காமல் எறியமாட்டேன் என்று உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அலுமாரியில் உன் உயர்தர உயிரியல் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். நொதியம் என்ற பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நான் விளங்கிக்கொண்டதை எனக்குத் தெரிந்த துறைமுகத்தை வைத்தே சொல்கிறேன். சாராயம் உடம்புக்குள் போனால் ஈரல் அதை முதலில் ஒரு நஞ்சாக மாற்றுகிறது. அந்த நஞ்சு கப்பலில் வந்த சரக்கு மாதிரி. அதை உடனுக்குடன் இறக்கித் தீங்கில்லாமல் அனுப்புவதற்கு ஒரு கிரேன் இருக்கிறது. அதுதான் நொதியம். சில மருந்துகள் கிரேன்காரனின் இருக்கையில் போய் இருந்துகொள்ளும். மருந்து எழும்பினால் அவன் திரும்ப வேலையைத் தொடங்குவான். அது மீளும் வகை. சில மருந்துகள் திறப்பைப் பூட்டுக்குள்ளேயே முறித்துவிடும். அந்தக் கிரேன் இனி அசையாது. உடம்பு புதிதாக ஒன்றைச் செய்து நிறுத்தும்வரை சரக்கு குவிந்துகொண்டே இருக்கும். அது மீளா வகை. உன் தூள் இரண்டாவது வகை. அதனால்தான் தூளை நிறுத்திய பிறகும் இரண்டு கிழமைக்கு அரிஷ்டம், வினாகிரி போட்ட அச்சாறு, முகத்துக்குப் பூசுகிற லோஷன் ஒன்றும் அவருக்கு ஆகாது என்று சொல்லி விட்டா.

அந்தப் பக்கத்தில் ‘மீளா’ என்ற சொல்லின் கீழ் நீ பென்சிலால் கோடு போட்டிருக்கிறாய். பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டிருக்கிறாய். சோதனைக்கு வரும் என்று நினைத்தாயாக்கும்.

மீளா என்றவுடன் கெட்டது என்றும் நான் சொல்லவில்லை. நான் நெஞ்சுக்கு எடுக்கிற அஸ்பிரினும் அந்த வகைதானாம். இரத்தத்தில் புதிய அணுக்கள் வரும்வரைக்கும் அதன் பிடி விடாதாம். அதுதான் என் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. முந்தி எனக்குத் தந்த பிரஷர் குளிசையும் ஒரு நொதியத்தைத்தான் பிடிக்கிறதாம். அதனால் ஓயாத வறட்டு இருமல் வந்தது. மாற்றித் தந்தார்கள், சில கிழமையில் இருமல் போய்விட்டது. உன் தூளிலிருக்கிற மருந்தைக்கூட, குடியை விடவேண்டும் என்று தாங்களாகவே வந்து கேட்டு, ஈரலையும் நெஞ்சையும் சோதித்து, டொக்டரின் கண்ணுக்கு முன்னால் எடுத்துக் கரையேறியவர்கள் இருக்கிறார்களாம். அவர்களும் நானும் என்ன விழுங்குகிறோம் என்று தெரிந்து விழுங்கினோம். உன் அப்பாவிடம் யார் கேட்டது? “ஆளுக்குத் தெரியாம இத ஒருக்காலும் குடுக்கக் கூடாது. பிரஷர் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தா நாங்க இப்ப வேற கதை கதைச்சிட்டிருப்பம்” என்று அந்தப் பிள்ளை சொன்னா.

அவ எழும்பிப் போகும்போது இன்னொன்றும் சொன்னா. அதை நீ நன்றாகக் கேள். “அம்மா, இத்தன மாசம் இந்தத் தூள் உடம்புல இருந்திருக்கு. ஒரு மிடறு குடிச்சிருந்தாலும் அண்டைக்கே விழுந்திருப்பாரு. விழல்ல. அப்படின்னா மனுசன் தொடவே இல்ல.”

அப்பாவைப் பிடித்துக் கொடுக்க நீ வைத்த பொறி, அவர் நேர்த்தியைக் காத்ததற்குச் சாட்சி சொல்லியிருக்கிறது. நான் அந்த நேர்த்தி நூலைத்தான் அறுத்தேன்.

அவருடைய காலைப் பற்றியும் சொல்லவேண்டும். பங்குனி தொடக்கம் பின்னேரங்களில் உள்ளங்கால் எரிகிறது என்பார். கடற்கரையில் நடந்துவிட்டு வரும்போது ஒரு காலில் செருப்பு இருக்காது. கழன்று விழுந்தது அவருக்குத் தெரியாது. “வயசு போட்டுதப்பா” என்று சிரித்தார், நானும் சிரித்தேன். லோஞ்சில் வெறுங்காலோடு நின்று, தட்டில் வருகிற அதிர்விலேயே எஞ்சினுக்கு என்ன வருத்தம் என்று சொல்லுகிற கால் அது. அதுவும் தூளின் வேலையாக இருக்கலாமாம். சிலருக்கு நரம்பைத் தொடுமாம். நொதியத்தை உடம்பு புதிதாகச் செய்துகொள்ளும், நரம்பு மெல்ல மெல்லத்தான் திரும்பும், முழுக்கத் திரும்புமா என்று இப்போது சொல்ல ஏலாது என்கிறார்கள். ஒவ்வொரு நாளும் பூசை முடிந்ததும் அவருடைய உள்ளங்காலில் விரலால் தட்டி, “தெரியுதோ?” என்று கேட்கிறேன். சில இடத்தில் ஓம் என்கிறார். சில இடத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓம் என்கிறார்.

இதையெல்லாம்கூட ஒரு தாய் விழுங்கிவிடுவாள். அதற்குப் பிறகு போனில் நீ எடுத்த கோலைத்தான் என்னால் விழுங்க ஏலவில்லை. சம்பந்தி வீட்டுக்கு, அவர் குடித்து விழுந்து ஆசுப்பத்திரியில் கிடந்தார் என்று கதை போய்விட்டது. நீ சொன்னாய், “அம்மா, இப்ப ஒண்டும் கிளறாதேங்கோ. கலியாணம் முடியட்டும். அப்பா குடிச்சவர் எண்டு நினைச்சால் நினைக்கட்டுமன். அவையளுக்கு அது முந்தியே தெரியும்தானே. தூள் கதை தெரிஞ்சால்தான் பிரச்சினை.” என் பிள்ளையின் வாய்தானா இது என்று போனை எடுத்துப் பார்த்தேன். குடிகாரத் தகப்பன் உனக்கு வெட்கம் என்றாய். குடியை விட்ட தகப்பன் கிடைத்ததும், உன்னைக் காப்பாற்ற அவரைத் திரும்பவும் குடிகாரனாக்குகிறாய். அந்த மருந்து கொடுத்த குற்றத்துக்குப் பயம் என்று ஒரு பேர் உண்டு. இதற்கு என்ன பேர்?

நீ கெஞ்சியதற்காக ஒரு கிழமை பொறுத்தேன். அந்த ஒரு கிழமையும் அவர் என் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை. அறுந்த நூலை எடுத்துக் கோயிலுக்குப் போனேன், அம்மனுக்கு முன்னால் நின்றேன். சொல்லவேண்டிய இடம் அதுவல்ல என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் குசினி வாசலில் இருந்து கிழிந்த வலைத்துண்டு ஒன்றைப் பொத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பேணி, தூள், என் கரண்டி, உன் பெயர். கை நிற்கவில்லை, பொத்திக்கொண்டே கேட்டார். கடைசியில் ஒன்றைத்தான் கேட்டார்.

“அதுக்குள்ள என்ன எண்டு உமக்குத் தெரியாது?”

“தெரியாது. அம்மாளாச்சி சத்தியமாத் தெரியாது.”

“சத்தியம் பண்ணாதையும். நானும் பண்ணினனான்தானே.”

உன்னை ஏசவில்லை, என்னையும் ஏசவில்லை. அடுத்த நாள் விடிய நான் முழுகிவிட்டு வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தன் வாழ்நாளில் தேத்தண்ணிகூட வைத்தறியாத மனுசன் குரக்கன் மாவைக் கரைத்துக்கொண்டு நின்றார். கஞ்சி அடிப்பிடித்த மணம் வீடு முழுக்க. இரண்டு கோப்பையில் ஊற்றி, ஒன்றை என் பக்கம் தள்ளி, “நீரும் குடியும்” என்றார். குடித்தேன். மத்தியானம் நான் சமைத்ததைச் சாப்பிடுகிறார், இராச்சாப்பாடும் என் கையால்தான். காலைக் கஞ்சியை மட்டும் அன்று தொடக்கம் தானே காய்ச்சுகிறார். கரண்டியைத் தாருங்கோ என்று கேட்டுப் பார்த்தேன். “வேண்டாம், எனக்கும் ஒரு வேலை வேணுமே” என்றார். பகிடி மாதிரித்தான் சொன்னார். முப்பது வருடத்துக்கு மேலாக என் கையிலிருந்து கேளாமல் வாங்கிக் குடித்தவர். ஈரல் நொதியத்தை இரண்டு கிழமையில் புதிதாகச் செய்துகொள்வதைப் போல அந்த நம்பிக்கையையும் செய்து தருமா என்று உன் புத்தகத்தில் எழுதவில்லை.

ஆகவே நீ வா. கலியாணத்துக்கு வருகிற மாதிரி இல்லை, அதற்கு முதல் வா. சம்பந்தி வீட்டுக்கு முதலில் போ. அப்பா குடிக்கவில்லை, நான்தான் அவருக்குத் தெரியாமல் மருந்து கொடுத்தேன் என்று உன் வாயால் சொல். அதனால் கலியாணம் நிற்குமோ நடக்குமோ எனக்குத் தெரியாது. விழுங்குகிறவருக்கு என்னவென்று தெரியவேண்டும். உன்னைக் கட்டப்போகிற பிள்ளைக்கும் அந்த நியாயம் உண்டு. ஆவணி பிறக்குமுன் நீ போகாவிட்டால் நான் பஸ் ஏறுவேன். இது மிரட்டல் இல்லை, விளக்குக்கு முன்னால் எழுதுவது.

பிறகு இங்கே வா. வந்து அப்பாவின் காலில் விழுந்து அழவேண்டாம், அது அவருக்குப் பிடிக்காது. உள்ளங்காலில் உன் நெற்றி பட்டாலும் முழுக்கத் தெரியாது. இரவு படுத்து, விடிய எழும்பிக் குசினிக்கு வா. கஞ்சி அடிப்பிடித்திருக்கும், கட்டி பட்டிருக்கும். உனக்கும் ஒரு கோப்பை ஊற்றி உன் பக்கம் தள்ளுவார். அதற்குள் என்ன போட்டிருக்கிறார் என்று கேளாமல் குடி.

அம்மா